ஸ்மார்ட் எடை மெஷினா, சாதா மெஷினா, இஞ்ச் டேப்பா?

போன கார்த்திகையில் குலசேகரத்திலிருந்து மாமா வந்திருந்தார். வயது 61. இன்றைக்கும் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். கையும் காலும் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். எடை 56 கிலோ. முன்னறையில் கிடந்த ஸ்மார்ட் எடை மெஷினைப் பார்த்ததும் ஏறி நின்றார். போனில் வந்த கணக்கு, உடல் கொழுப்பு 29 சதவீதம். "மக்கா, எனக்க உடம்புல கொழுப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தேன். நாற்பது வருடம் மேட்டிலும் சரிவிலும் செருப்பில்லாமல் நடந்த பாதம். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, விரலடியில் காய்த்துத் தடித்த தோல். ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னேன். இப்போது 24.5. இரண்டு நிமிடத்தில் நாலரை சதவீதக் கொழுப்பு எங்கேயும் கரைந்து போகாது. காய்ந்த தடித்த தோல் கரண்டை மறித்திருக்கிறது, மெஷின் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டது.

அந்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்பிருந்த சாதா டிஜிட்டல் மெஷினையும் தூக்கிப் போடவில்லை. மனைவியின் தையல் பெட்டியில் இஞ்ச் டேப் கிடக்கிறது. நாகர்கோவிலில் நான் போகும் ஜிம்மில், நின்றுகொண்டு கைப்பிடியையும் பிடிக்கும் பெரிய மெஷின் ஒன்று உண்டு, மாதம் ஒரு தடவை அதிலும் ஏறுவேன். நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தபிறகு சொல்கிறேன்: வயிற்றைக் குறைக்க நினைப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது டேப். அதற்கு அடுத்ததுதான் மெஷின்.

எடையைப் பொறுத்தவரை ஸ்மார்ட்டும் சாதாவும் ஒன்றுதான். இரண்டிலும் நாலு மூலையில் பாரத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. என்னிடம் உள்ள இரண்டும் ஒரே காலையில் 100, 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டியதில்லை. கூடுதலாகக் கொடுக்கும் காசு எல்லாம் கொழுப்பு, தசை, தண்ணீர், எலும்பு என்று போனில் வரும் பட்டியலுக்குத்தான். அந்தப் பட்டியல் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் எதை நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

மெஷின் ஒரு பாதத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தை விடுகிறது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண். உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் கரண்ட் எளிதாகப் பாயும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அங்கே தடை அதிகம். மெஷின் உண்மையில் அளப்பது இந்தத் தடையை மட்டும். மீதி எல்லாம் நாம் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் எடையையும் சேர்த்துப் போடும் கணக்கு. இதைச் சோதிக்க ஒருநாள் ஆப்பில் என் வயதை 44-லிருந்து 24 ஆக்கினேன். அதே காலை, அதே உடம்பு, கொழுப்பு மட்டும் நாலு சதவீதம் இறங்கிவிட்டது. எலும்பு எடை, உடல் வயது என்று வருவதும் இதே கணக்கின் கிளைகள்தான். அந்த இரண்டையும் நான் இப்போது பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கால் மட்டும் வைக்கும் மெஷினில் கரண்ட் ஒரு கால் வழியே ஏறி மறுகால் வழியே இறங்கிவிடும். வயிற்றையும் நெஞ்சையும் கையையும் அது நேராகத் தொடுவதே இல்லை. நமக்கோ பிரச்சினையே வயிற்றில்தான். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டு உடல்வாகு பலருக்கும் இப்படித்தான். எடை மெஷின் முள் நல்ல இடத்தில் நிற்கிறது என்று நிம்மதியாக இருப்பவருக்குச் சர்க்கரை வருவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் டேப் ஜெயிக்கிறது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. அதைத் தாண்டினால் எடை எதுவாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்பது இன்னும் எளிய கணக்கு. ஆனால் அளக்கும் இடம் முக்கியம். நம்ம ஊர் ஆண்கள் சாரம் கட்டுகிற இடத்தில், அதாவது தொப்பைக்குக் கீழே, டேப்பைச் சுற்றிவிட்டு "34 தான்" என்பார்கள். பேன்ட் அளவும் அப்படித்தான், அது இடுப்பு எலும்பின் அளவு. கடைசி விலா எலும்பின் அடியை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும், இடுப்பெலும்பின் மேல்முனையையும் தொட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் டேப் வர வேண்டும். துணிக்கு மேலே வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சாதாரணமாக விட்ட நிலையில் படிக்க வேண்டும். முதல் தடவை இப்படி அளந்தபோது எனக்கு வந்தது 97. பேன்ட் அளவை நம்பிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுபடி மெஷினுக்கு வருகிறேன். காலோடு கையையும் சேர்த்து அளக்கும் வகை வீட்டுக்கும் கிடைக்கிறது. ஓம்ரானின் கராடா ஸ்கேன் அந்த ரகம், கம்பியோடு ஒரு கைப்பிடி மேலே வரும். கரண்ட் உடம்பின் நடுப்பகுதி வழியாகவும் போவதால் கால் மட்டும் வைப்பதைவிட இது மேல். விலையும் கூட. ஜிம்மில் இருக்கும் பெரிய மெஷினும் இதே வழிதான், எட்டு இடத்தில் தொட்டு ஒவ்வொரு கையையும் காலையும் தனித்தனியாகப் பார்க்கும். ஆனால் ஒரு மெஷின் சொன்னதை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. ஒரே நாள் காலையில் வீட்டில் எனக்கு 24.1, ஜிம்மில் 27.8. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஜிம்மில் ஓடி முடித்து வியர்வையோடு ஏறினால் தோல் சூடாகி, ஈரமாகி, கொழுப்பு குறைந்த மாதிரி காட்டும். பயிற்சி முடிந்த பிறகு ஏறச் சொல்லி "பாருங்க குறைஞ்சிருக்கு" என்றால் நம்ப வேண்டாம். டெக்சா ஸ்கேன் இவை எல்லாவற்றையும்விடத் துல்லியம். இரண்டு ஆற்றலில் எக்ஸ்ரே விட்டு எலும்பையும் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும். மாதா மாதம் எடுக்கிற விஷயம் அல்ல, டாக்டர் சொன்னால் எடுக்கலாம்.

இந்த மெஷினுக்குப் பாத்ரூம் ஸ்கேல் என்று பெயர் வைத்தவர்கள் குளியலறைத் தரை காய்ந்து கிடக்கும் ஊர்க்காரர்கள். நம் வீட்டில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையே சரிவாக இருக்கும், ஈரமும் காயாது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஜில்லா இது. சரிவில் வைத்தால் எடை மாறும், ஈரக் கண்ணாடியில் வழுக்கினால் இடுப்பு போகும். முன்னறையில் சமமான டைல்ஸ் ஒன்றைத் தேர்ந்து, எப்போதும் அதே இடத்தில் வையுங்கள்.

திங்கட்கிழமைக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிறு மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும், சாயங்காலம் பழம்பொரி. மறுநாள் காலை மெஷினில் 1.2 கிலோ கூடுதல். முதல் சில மாதம் இதைப் பார்த்து மனைவி அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டையே விட்டிருக்கிறாள். அது கொழுப்பு அல்ல. மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கும், குழம்பின் உப்பும் தண்ணீரை இழுக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஒரு மதியச் சாப்பாட்டில் அது நடக்காது. ஸ்மார்ட் மெஷினின் நிஜமான லாபம் இங்கேதான். தினமும் ஏறினால் போதும், ஏழு நாள் சராசரியை ஆப் தானே கோடாகப் போட்டுவிடும். ஒருநாள் ஏற்றத்துக்குப் பயப்படாமல் கோட்டைப் பார்க்கலாம். சாதா மெஷினிலும் இதைச் செய்யலாம், நாள்காட்டித் தாளில் எழுதி வர வேண்டும். என் அம்மா அப்படித்தான் எழுதுகிறார், ஒருநாள்கூட விட்டதில்லை.

எதில் ஏறினாலும் காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்து, காப்பிக்கு முன்னால், சுத்தமான வெறும் காலோடு ஏறுங்கள். ஆப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல மெஷின்கள் எடையை வைத்தே ஆளை அடையாளம் காணும். மனைவிக்கும் அவள் தங்கைக்கும் ஒரு கிலோதான் வித்தியாசம், ஒரு மாதக் கணக்கு முழுவதும் கலந்துபோனது. வாங்கும்போது ஆப் நின்றுபோனாலும் மெஷினின் திரையிலேயே எடை தெரியுமா என்று பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் கரண்ட் விடும் எந்த மெஷினிலும் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்குச் சாதா மெஷின்தான்.

அம்மாவுக்கு 72. அவர் விஷயத்தில் கொழுப்பு சதவீதத்தை நான் கேட்பதே இல்லை. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறேன். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று அர்த்தம். அம்மா 8-இல் தொடங்கினார், இப்போது 11. எந்த மெஷினும் இதைக் காட்டியிருக்காது.

ஸ்மார்ட் மெஷினால் உண்மையிலேயே பலன் பெற்றவன் என் மச்சான். வளைகுடாவில் வேலை, அங்கேயே ஜிம்முக்குப் போகிறான். ஐந்து மாதம் எடை 78-ஐ விட்டு அசையவில்லை, விட்டுவிடலாமா என்று போனில் கேட்டான். அவன் மெஷினில் கொழுப்புக் கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. டேப் எடுத்து அளக்கச் சொன்னேன். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு. 96 இருந்தது 91 ஆகியிருந்தது.