எச்சரிக்கை: ‘கண் கூசாத’ டிவி பாக்ஸ், 459 வெள்ளி

தீபாவளி நேரத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போட்ட ஒரு தற்காலிகக் கடையில் விற்றது இது. ‘ஐ கேர்’ (கண் பாதுகாப்பு) என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஆண்ட்ராய்டு பாக்ஸ், அதாவது டிவியில் மாட்டி இணையப் படங்கள் பார்க்கும் பெட்டி, 399 வெள்ளி (ரிங்கிட்). நீல ஒளியை வடிகட்டுமாம், அதற்கென்று பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் 60 வெள்ளி. “அம்மாவுக்கு இனிமே கண்ணு எரியாதுண்ணே, கேரண்டி” என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் மாட்டிய இரண்டாம் நாளே அந்த அம்மாவுக்கு முன்னைவிட அதிகமாகக் கண் கூசியது. திரும்பப் போய்ப் பார்த்தால் கடை இருந்த இடத்தில் முறுக்கு விற்கிறார்கள்.

முதலில் ஒன்று. பாக்ஸிலிருந்து ஒளியே வருவதில்லை. அது அனுப்புவது வெறும் சிக்னல். கண்ணில் படும் வெளிச்சம் முழுக்க டிவியுடையது. வயரோ பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் மட்டும் கடத்துகிறது. அதில் நீலத்தை மட்டும் பிடித்து நிறுத்த வழியே கிடையாது. அந்த 60 வெள்ளி சுத்தமாகத் தண்டம். பாக்ஸுக்குள் இருந்த ‘ஐ கேர்’ செயலி செய்ததெல்லாம் படத்தின் மேல் ஒரு மஞ்சள் சாயத்தை இழுத்துவிட்டதுதான். டிவியின் படத் தேர்வில் ‘வார்ம் 2’ வைத்தால் அதே வேலை காசில்லாமல் முடியும்.

கண் கூச்சம் ஏன் கூடியது என்பதுதான் வேடிக்கை. பாக்ஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் எச்.டி.ஆரை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் பட முறை) ‘ஆல்வேஸ்’, அதாவது எப்போதும், என்று வைத்து அனுப்பியிருக்கிறார்கள், கடையில் படம் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக. எச்.டி.ஆர். சிக்னல் வந்ததும் பெரும்பாலான டிவிகள் பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை) தாமாகவே உச்சத்துக்கு ஏற்றிவிடும். சாதாரண சீரியலும் அந்த உச்ச வெளிச்சத்தில்தான் ஓடும். விளக்கை அணைத்த ஹாலில் வெள்ளை எழுத்து சப்டைட்டில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். இதை ‘ஆட்டோ’வுக்கு மாற்றி, டிவியின் பேக்லைட்டையும் இறக்கியதும் பாதித் தொல்லை போய்விட்டது.

மீதிப் பாதி அசைவில். பாக்ஸ் எப்போதும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் அனுப்பும்படி, பூட்டப்பட்டிருந்தது. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்). 24-ஐ 60-க்குள் திணிக்க ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டவேண்டும். ஒன்று 50 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 33. படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும்போது உற்றுப் பாருங்கள், எழுத்து வழுக்கிப் போகாமல் படியேறுகிற மாதிரி தத்தித் தத்திப் போகும். மலேசிய ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் என்பதால் உள்ளூர் நிகழ்ச்சிகளிலும் இதே கதை: நொடிக்குப் பத்து ஃபிரேம் இரட்டிப்பாகும், ஃபுட்பால் பார்க்கும்போது பந்து வெட்டி வெட்டி ஓடும். இரண்டு மணி நேரம் இதைப் பின்தொடர்கிற கண்ணும் தலையும் என்ன ஆகும்?

நல்ல பிளேயரில் இதற்கு வழி உண்டு. ஆப்பிள் டிவியில் ‘மேட்ச் கன்டென்ட்’ என்ற இடத்தில் ஃபிரேம் ரேட், டைனமிக் ரேஞ்ச் இரண்டையும் ஆன் செய்யலாம். கோடி என்ற வீடியோ பிளேயர் செயலியில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் போய் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’டை ‘ஸ்டார்ட்/ஸ்டாப்’பில் வையுங்கள். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுப்பாகும், பயப்படவேண்டாம். இந்த 399 வெள்ளிப் பாக்ஸில் கோடி இருந்தது. அந்தத் தேர்வை மாற்றினாலும் வெளியே போவது 60 தான்.

படமும் தெளிவில்லை. பெட்டியில் ‘4 ஜிபி, 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 13, 8கே’ என்று அச்சு. டிவைஸ் இன்ஃபோ செயலியில் ஏபிஐ எண் (ஆண்ட்ராய்டின் பதிப்பைக் காட்டிக்கொடுக்கும் எண்) 29 வந்தது. அது ஆண்ட்ராய்டு 10, பதின்மூன்றுக்கு 33 வரவேண்டும். டிஆர்எம் இன்ஃபோ செயலியில் வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) எல்3, கீழ்மட்டம்; மேல்மட்டம் எல்1. அதாவது நெட்ஃபிளிக்ஸ் 480பிக்கு மேல் ஏறாது. மங்கல் படத்தைச் சுருக்கிய கண்ணோடு பார்க்க, நாற்காலி தானாக டிவிக்குக் கிட்டே நகரும். 55 அங்குலத்துக்கு இரண்டேகால் மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இதமாக இருக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்கவேண்டியது: சிரிம் லேபிள் (மலேசியத் தரச்சான்று; வைஃபை உள்ள பாக்ஸுக்குக் கட்டாயம்), ஏபிஐ எண், வைட்வைன் எல்1, 24 ஹெர்ட்ஸ் தேர்வு. ஐந்து நிமிடம் போதும். பார்க்க விடமாட்டேன் என்கிற கடைக்காரரிடம் வாங்கவேண்டாம். லேபிள் இல்லாத இத்தகைய பாக்ஸ்களில் தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏறி வருவதுண்டு, அப்படிப்பட்ட ‘பேட்பாக்ஸ் 2.0’ வைரஸ் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயே எச்சரித்தது. வங்கிச் செயலி உள்ள போனையும் இதையும் ஒரே வைஃபையில் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீதில் உள்ள ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரைக்கு மசியாதீர்கள். சொன்னபடி இல்லாத பொருளுக்கு மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு ரப்பர் ஸ்டாம்ப் பறிக்காது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் போராங் 1 (மனுப் படிவம்) கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள். பாக்ஸை ரீசெட் செய்யும் முன் ஏபிஐ திரையையும் அட்டைப்பெட்டியின் அச்சையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வையுங்கள். கடை பெயர் தெரியாதென்றால் பணம் கட்டிய விதத்தைப் பாருங்கள்: டுயிட்நௌ கியூஆரில் (போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் முறை) கட்டியிருந்தால், வங்கிச் செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் பணம் வாங்கியவரின் பெயர் இருக்கும். மனுவில் எழுத அது ஒரு பிடி.