கண்டெடுத்த மோதிரத்தைத் தபாலில் அனுப்பி ஏமாந்தேன்: விற்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

என் மோதிரத்தைத் தபாலில் வாங்கிய நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை வந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, இரவு முழுவதும் தூக்கமில்லாமல் புரண்டு எழுந்து இதை எழுதுகிறேன். ‘தங்கள் பரிவர்த்தனை நிறைவடைந்துவிட்டது, இது தொடர்பாக மேற்கொண்டு பதில் அளிக்க இயலாது’ என்று ஒரே வரியில் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் இழந்தது 4.8 கிராம் சுத்தத் தங்கமும் ஒரு காரட் வைரமும். இழப்பைப் பணமாகச் சொல்லாமல் கிராமில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலை நாளுக்கு நாள் மாறும், எடை மாறாது. இதைப் படிப்பவர் எங்கிருந்தாலும் அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மெட்டல் டிடெக்டரைக் கையில் பிடித்துக் கடற்கரை மணலில் நடப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். தங்க மோதிரம் எழுப்பும் ஒலியும் குளிர்பான டின்னைத் திறக்கும் இழுப்பு வளையம் எழுப்பும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பது இதில் ஈடுபட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே நூறு இழுப்பு வளையங்களைச் சலிக்காமல் தோண்டுகிறவருக்குத்தான் ஒரு மோதிரம் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. சல்லடையில் மணல் இறங்கியதும் மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒற்றைக் கல், உள்பக்கத்தில் 750 என்ற முத்திரை. ஆயிரத்துக்கு எழுநூற்றைம்பது பங்கு தங்கம், அதாவது 18 காரட் தூய்மை என்பது அதன் பொருள். முத்திரையின் கடைசிச் சுழி மட்டும் மணலில் உரசிப் பாதி தேய்ந்திருந்தது. அந்தப் பாதிச் சுழி பின்னால் எனக்கு எதிராகவே திரும்பும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மோதிரத்தை நேராகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். உரியவர் தேடி வரட்டும் என்று மனதார விரும்பினேன். யாரும் வரவில்லை. சட்டம் சொன்ன காலம் முடிந்தபின் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற்றேன். பழங்காலத்துப் பொருளாக இருந்தால் வழியே வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளி நகைகள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை விற்கும் எண்ணத்தோடு தேய்த்துக் கழுவுவதே பெரும் தவறு. என் மோதிரமோ இக்காலத்து வேலைப்பாடு. காகிதங்களும் என் பக்கம் சரியாகவே இருந்தன. அல்லது சரியாக இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கே விற்பது என்ற கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. கண்டெடுத்த நகைக்கு ரசீது கிடையாது. முதலில் நுழைந்த நகைக்கடையில் ‘பில் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். கண்டெடுத்தது என்று சொன்னதும் அங்கிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டாவது கடைக்காரர் நல்ல மனிதர். எக்ஸ்ரே கருவியில் வைத்துத் தங்கம் 75 சதவீதம் என்று சொன்னார். பேனா போன்ற ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்தார், அது வைரம் என்று ஒலி எழுப்பியது. எடை 9.8 கிராம். கல்லின் விட்டம் ஆறரை மில்லிமீட்டர்; வட்டமாகப் பட்டை தீட்டிய வைரத்தில் அது ஏறத்தாழ ஒரு காரட், அதாவது 0.2 கிராம். ஆனால் கண்டெடுத்த பொருளை வாங்குவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். இத்தனை விவரங்களையும் அவர் வாயால் சொன்னார். இதைத் தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பதிவில் நான் என்மேலேயே கோபப்படும் இடம் இதுதான்.

ஏல நிறுவனம் ஒன்றை விசாரித்தேன். கமிஷனும் காத்திருப்பும் அதிகமாகத் தோன்றின. அடகுக்கடையில் கல்லுக்கு எதுவும் தரமாட்டார்கள். முகம் தெரியாதவரை நேரில் சந்தித்து விற்கப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நகையைத் தபால் மூலம் வாங்கும் இணைய நிறுவனம் ஒன்று கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. முகப்பிலேயே ‘ரசீது தேவையில்லை, கேள்விகள் இல்லை, விலை பிடிக்காவிட்டால் இலவசமாகத் திருப்பி அனுப்புவோம்’ என்று எழுதியிருந்தார்கள். ரசீது இல்லை என்பதற்காகவே இரண்டு கடைகளில் தலைகுனிந்து திரும்பிய எனக்கு அந்த முதல் இரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன. இப்போது யோசித்தால், ரசீது இல்லாதவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. ரசீது இல்லாதவர் நாளை எதை வைத்துக்கொண்டு வாதாடுவார்?

தடித்த உறை ஒன்று வந்தது. அதோடு தொலைபேசியில் ஒருவர் பேசினார். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் இந்த மோதிரத்தைப் பற்றிப் பேசியதில்லை. எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழத்தில், டிடெக்டர் என்ன ஒலி கொடுத்தது என்றெல்லாம் ஆர்வமாகக் கேட்டார். ‘இதை நீங்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததே பெரிய விஷயம் சார், உங்களைப் போன்றவர்களுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும்’ என்றார். அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். மோதிரத்தைப் பஞ்சில் சுற்றி, உறைக்குள் வைத்து, அவர் சொன்னபடி ஒட்டும் நாடாவை மூன்று சுற்றுச் சுற்றினேன். அதற்கு முன் செல்பேசியில் ஒரு படம் எடுத்தேன். ஒரே ஒரு படம், அதுவும் கல்லின் பளபளப்பு தெரியும்படி மேலிருந்து. உள்பக்கத்து முத்திரை அதில் இல்லை. தராசின் மேல் வைத்தும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அதே மனிதர் அழைத்து, ‘உங்கள் மோதிரம் என் மேசை மேல்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்’ என்றார். ஆறாம் நாள் மதிப்பீடு வந்தது. கல்லையும் அழுக்கையும் பற்றவைப்பையும் கழித்த நிகர எடை 8.1 கிராம் என்றிருந்தது. தங்கம் 18 காரட் அல்ல, 14 காரட். கல் வைரம் அல்ல, வைரம்போலவே தெரியும் மோய்சனைட் என்னும் செயற்கைக் கல். அதற்கு மதிப்பு இல்லை. உருக்குச் சேதாரம், கையாளும் கட்டணம், விலை ஏற்ற இறக்கத்துக்கான பிடித்தம் எல்லாம் போக அன்றைய விலையில் பாதி.

கணக்கைப் பாருங்கள். கல் நீங்கலாக என் மோதிரத்தில் இருந்தது 9.6 கிராம் உலோகம். அதில் 75 சதவீதம் என்றால் 7.2 கிராம் சுத்தத் தங்கம். அவர்கள் கணக்கில் 8.1 கிராமில் 58.5 சதவீதம், அது 4.7 கிராம் சொச்சம். அதில் பாதி சுமார் 2.4 கிராம். எனக்கு வந்தது 2.4 கிராமின் விலை. போனது 4.8 கிராம் சுத்தத் தங்கமும் ஒரு காரட் வைரமும். அரைக் கிராம் முன்பின் இருந்தால் தராசைக் குறை சொல்லலாம். 0.2 கிராம் எடையுள்ள கல்லைக் கழற்றினால் 1.7 கிராம் எப்படிக் குறையும்? ஒன்றரைக் கிராம் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்க அது மோதிரமா, சேற்றில் கிடந்த செருப்பா?

மதிப்பீடு வந்த அன்றே அழைத்து, விற்க விருப்பமில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். வேறொரு குரல் ‘குறித்துக்கொண்டேன் சார்’ என்றது. நான்கு நாள் கழித்து என் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. பதறிப்போய் அழைத்தேன். அழைப்புக்கான பதிவு கணினியில் இல்லையாம். மறுப்பை எழுத்தில், அவர்களுடைய படிவத்தில், மூன்று நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என நிபந்தனைகளில் இருக்கிறதாம். தேடிப் பார்த்தேன், இருந்தது. உறையோடு வந்த தாளின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவு எழுத்தில்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார். மேலாளர் விடுப்பில் இருக்கிறார். உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. முதலில் என்னிடம் அன்பாகப் பேசிய அந்த மனிதர் ஒரு நாளும் மறுபடி பேசக் கிடைக்கவில்லை; அப்படி ஒருவர் இப்போது வேலையில் இல்லை என்றார்கள். மோதிரத்தையாவது தாருங்கள் என்றேன், உருக்கிவிட்டோம் என்றார்கள். 750 முத்திரை இருந்ததே என்றேன். அதற்கு நான் எடுத்த படத்தைக் கேட்டார்கள், அனுப்பியதும் படத்தில் முத்திரை எங்கே என்றார்கள். முத்திரையின் கடைசி எண் தேய்ந்திருந்ததாக அவர்களுடைய குறிப்பில் இருக்கிறதாம், ஆகவே அதை நம்ப முடியாதாம். காவல் நிலையத்தின் தாளை அனுப்பினேன். அதில் வழக்கம்போல ‘மஞ்சள் நிற உலோக மோதிரம் ஒன்று, வெள்ளைக் கல் ஒன்று பதித்தது’ என்றுதான் எழுதியிருந்தது. தங்கம் என்றோ வைரம் என்றோ உறுதியளிப்பது காவல் நிலையத்தின் வேலையல்ல. அதனால் அப்படி எழுதுகிறார்கள். இவர்களோ, ‘உங்கள் தாளிலேயே தங்கம் என்று இல்லையே’ என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

கல்லையாவது கொடுங்கள் என்று கடைசியாகக் கேட்டேன். மதிப்பற்றது என்று அவர்களே சொன்ன கல்தானே, திருப்பித் தருவதில் என்ன கஷ்டம்? உருக்கும்போது கல் அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மோய்சனைட் என்பது சிலிக்கன் கார்பைடு; தங்கத்தை உருக்கும் மூசைகளையே, அதாவது உருக்குக் கிண்ணங்களையே, அதே சேர்மத்தைக் கொண்டும் செய்கிறார்கள். தங்கம் உருகும் 1064 டிகிரியில் அந்தக் கல் அழியாது. அது மோய்சனைட் என்றால் உருகிய தங்கத்தின் மேல் முழுதாக மிதந்திருக்க வேண்டும்; வைரம் என்றால் எந்தத் தொழிலாளியும் அதைக் கழற்றாமல் நெருப்பில் போடமாட்டார். இந்த இரண்டில் எது என்று எழுதிக் கேட்டதற்குத்தான் நேற்றைய ஒற்றை வரி வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் வைத்துப் பார்த்த அந்தப் பேனாக் கருவி கல் வெப்பத்தைக் கடத்துவதை மட்டும் பார்க்கும் வகை என்றால், வைரத்தையும் மோய்சனைட்டையும் அது பிரித்துக் காட்டாது என்று பின்னர்தான் படித்தேன். ஆய்வகத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வைரத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறிக்கும் வழக்கமும் உண்டு. அப்படி ஏதாவது இருந்திருந்தால் தொலைத்தவரையே கண்டுபிடித்திருக்கலாம் என்று நினைக்கும்போது 4.8 கிராமும் ஒரு காரட்டும் போன வலியைவிட இது அதிகமாக வலிக்கிறது.

எப்படி விற்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நகை உங்கள் கையில் இருக்கும்போதே ஆய்வகத்தில் கொடுத்துத் தங்கத்துக்கும் கல்லுக்கும் எழுத்தில் சான்று வாங்குங்கள், செலவைப் பார்க்காதீர்கள். தராசின் மேல் வைத்து எடை தெரியும்படியும், முத்திரை தெரியும்படியும், கல்லின் அளவு தெரியும்படியும் படமெடுங்கள். காவல் நிலையத்தில் எடையையும் முத்திரை எண்ணையும் தாளில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறிக்கமாட்டார்கள் என்றால் உங்கள் விண்ணப்பத்தில் எழுதி, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். கல் பதித்த நகையை உருக்கி வாங்குகிறவரிடம் போகாதீர்கள். உங்கள் கண் முன்னால் எடை போடாத எவரிடமும் கொடுக்காதீர்கள். தபாலில் மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இன்று காலை நுகர்வோர் புகார் மனுவையும், அந்த உறையோடு வந்த தாளின் இரு பக்க நகலையும், முத்திரை தெரியாத அந்த ஒற்றைப் படத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இரண்டாவது கடைக்காரரிடமும் போய், அன்று சொன்னதை எழுதித் தருவாரா என்று கேட்டேன். நாளை வரச் சொல்லியிருக்கிறார்.