16எஸ், ஐ.டி.எஸ்.: பல வருஷம் புழங்கிப் பார்த்ததில்

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன லேபுக்கு வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது என்ன கிருமி?" களக்காட்டுப் பக்கமிருந்து அழுகின வாழைக்கிழங்கு வரும். குட்டம் தேரியிலிருந்து செம்மணல் வரும். சேரன்மகாதேவி வயல் மண் பாலித்தீன் பையில் ஈரத்தோடு வரும். எது வந்தாலும் முதலில் கை போவது ரைபோசோமல் டி.என்.ஏ. பக்கம்தான், அதாவது செல்லில் புரதம் செய்கிற ரைபோசோமுக்கான ஜீன்கள் இருக்கும் பகுதி. பாக்டீரியா என்றால் அதில் 16எஸ் என்ற ஜீன், பூஞ்சை என்றால் ஐ.டி.எஸ். என்ற இடைப்பகுதி. பல வருஷமாக இதே பிழைப்பு. எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

கைகொடுப்பதற்குக் காரணம் எளிது. ரைபோசோம் இல்லாமல் எந்தச் செல்லும் புரதம் செய்ய முடியாது. அதனால் அதற்கான ஜீனில் சில பகுதிகள் கோடிக்கணக்கான வருஷமாகியும் அதிகம் மாறவில்லை. பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) தொடக்கம் குறிக்கும் பிரைமர் என்ற சின்னத் துண்டு அங்கே போய் உட்காரும். நடுவில் உள்ள பகுதிகள் இனத்துக்கு இனம் மாறியிருக்கும். படிக்க வேண்டியது அதைத்தான். கார்ல் வூசும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-ல் ஆர்க்கியா என்று தனி வம்சத்தையே பிரித்துக் காட்டியது இந்த ரைபோசோமல் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுத்தான். இன்னொரு சௌகரியம், ஒரே செல்லில் பல பிரதிகள் இருப்பது. ஈ. கோலையில் 7, பேக்கரி ஈஸ்டில் 150 வாக்கில், மனுஷனுக்கு 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களில் நூற்றுக்கணக்கில். டி.என்.ஏ. கொஞ்சமாகக் கிடைத்தாலும் ஜெல்லில் பேண்ட் (நகலெடுத்த டி.என்.ஏ.வின் கோடு) விழுந்துவிடும்.

வாழை சங்கதிக்கு வருகிறேன். வாடல் நோய் வந்த ரசகதலியின் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வெள்ளைச் சதைக்கு நடுவே செம்பழுப்பாகப் புள்ளியும் கோடும் தெரியும். அதிலிருந்து நேராக டி.என்.ஏ. எடுக்கப் பார்த்தால் பாடாய்ப் படுத்தும். ஃபீனாலும் மாவுச்சத்தும் சேர்ந்து கரைசல் பழுப்பாகி, பிப்பெட்டில் கோழையாக இழுக்கும். டி.என்.ஏ. பிரிக்கிற சி-டாப் பஃபரில் ஃபீனாலை அடக்கும் பி.வி.பி.யும் மெர்காப்டோஎத்தனாலும் தாராளமாகப் போட வேண்டும். அதற்கும் பி.சி.ஆர். மசியாவிட்டால், டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்க்கவிட்டு ஓட்டுங்கள். தடுக்கிற சரக்கும் சேர்ந்து நீர்த்துவிடுவதால் பேண்ட் வந்துவிடும். என்னைக் கேட்டால், கிழங்குத் துண்டை பி.டி.ஏ. என்ற உருளைக்கிழங்கு ஊடகத் தட்டில் வைத்துப் பூஞ்சையைத் தனியாக வளர்த்து எடுப்பதே நிம்மதி.

ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.4 என்ற பிரைமர் ஜோடி 1990-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2012-ல் பூஞ்சைகளுக்குப் பொதுவான பார்கோடாக ஐ.டி.எஸ்.ஸையே முன்மொழிந்தார்கள். வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் பூஞ்சையில் 550 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) வாக்கில் ஒற்றைப் பேண்ட், பார்க்கவே லட்சணமாக இருக்கும். சீக்குவன்ஸ் வந்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் போட்டால் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம், நூற்றுக்கு நூறு. முதல் பக்கம் முழுக்க அதே பெயர்.

இங்கேதான் வில்லங்கம். கிழங்கு கொண்டுவந்த அண்ணாச்சி கேட்டது, "அடுத்த தடவையும் ரசகதலியே வைக்கவா, இல்ல ஏத்தனுக்கு மாறிரவா? அத மட்டும் சொல்லிருங்க தம்பி." அதற்கு ஐ.டி.எஸ்.ஸிடம் பதில் இல்லை. தக்காளியை வாட்டுகிற ஆக்ஸிஸ்போரம், கொண்டைக்கடலையை வாட்டுகிறது, மண்ணில் யார் வம்புக்கும் போகாமல் கிடப்பது எல்லாவற்றுக்கும் ஐ.டி.எஸ். ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஊர்க்காரன் என்று சொல்லும். எந்தத் தெரு, எந்த வீடு என்று அதனிடம் கேட்கக் கூடாது. போதாததற்கு, ஃபியூசேரியத்தில் சில இனங்கள் ஒரே ஜீனோமுக்குள் இரண்டு விதமான ஐ.டி.எஸ்.2 (ஐ.டி.எஸ்.ஸின் இரண்டாம் பகுதி) வைத்திருப்பதை 1997-லேயே காட்டிவிட்டார்கள். வம்சாவளி வரைய அதை நம்பவே கூடாது. டெஃப்-1 என்ற இன்னொரு ஜீனையும் சேர்த்துப் படித்தால்தான் ஏதாவது தேறும்.

பீகாரில் ஜி-9 ரக வாழையைத் தாக்கிய டி.ஆர்.4 என்ற ஃபியூசேரியம் வகையா என்று பார்க்க ஐ.ஜி.எஸ். பகுதிக்குத் தனி பிரைமர் உண்டு. ஐ.ஜி.எஸ்.ஸும் ரைபோசோமல் டி.என்.ஏ.தான், அடுத்தடுத்த பிரதிகளுக்கு இடையில் கிடக்கும் துண்டு. ஆனால் அப்பாவி ஃபியூசேரியம் சிலதும் அதில் பேண்ட் காட்டும் என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே பேண்ட் விழுந்த மாத்திரத்தில் ஊரைக் கூட்டாமல், வளர்த்த பூஞ்சையோடு திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைக் கேட்பதே முறை. அண்ணாச்சியிடமும் இதைத்தான் சொன்னேன். "இவ்வளவு மிஷின வச்சும் திருச்சிக்குத்தான் போணுமா?" என்றார். நியாயமான கேள்வி.

16எஸ் கதையும் ஏறக்குறைய இதுதான். தேரி மணலிலிருந்து பிரிக்கிற பாக்டீரியாவில் பாதி பேசில்லஸாகவே வந்து நிற்கும். சப்டிலிஸா, வெலசென்சிஸா, அமைலோலிக்விஃபேசியன்ஸா என்றால் 16எஸ்ஸில் மூன்றும் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றுபோல. ஜைரேஸ் ஜீனையும் படிக்காமல் இனப்பெயர் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் உயிர் உரப் பொட்டலத்துக்காக, "16எஸ் போதும் சார், பேரைப் போட்டுக் கொடுங்க" என்று வந்து நிற்பவர்கள் குறையவில்லை. அந்த 16எஸ்ஸையாவது முழுசாகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஜீன் 1,500 பேஸ் நீளம். சாங்கர் சீக்குவன்ஸிங் ஒரு தடவைக்கு 700லிருந்து 900 வரைதான் ஒழுங்காகப் படிக்கும். 27எஃப் என்ற முன்பக்கப் பிரைமர் பக்கம் மட்டும் அனுப்பிக் காசை மிச்சம் பிடித்தால் பாதி ஜீனுக்குத்தான் பதில் வரும். பிளாஸ்டில் முதலில் நிற்கும் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். சீக்குவன்ஸைத் தரவுத்தளத்தில் போட்டவர் வைத்த பெயர்தான் அது. டைப் ஸ்ட்ரெயினோடு (இனப்பெயருக்கு ஆதாரமான மூல வளர்ப்பு) மட்டும் ஒப்பிடுகிற வசதி அங்கேயே இருக்கிறது.

டி.என்.ஏ. போடாமல் வெறும் தண்ணீர் விட்ட பி.சி.ஆர். குழாயிலும் மங்கலாகப் பேண்ட் விழுகிறதே என்று புதுப்பிள்ளைகள் அலறும். 16எஸ்ஸில் அது சகஜம். பி.சி.ஆரில் நகலெடுக்கிற டாக் என்சைமையே ஈ. கோலையில்தான் உற்பத்தி செய்கிறார்கள், அதன் டி.என்.ஏ. துளி ஒட்டிக்கொண்டு வரும். நகலெடுக்கும் சைக்கிளை 40-க்கு ஏற்றாமல் 30-க்குள் நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பி.சி.ஆர். ஓட்டும் முன் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

வாழை இலைக்குள் இருக்கும் பாக்டீரியாவைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று. இலையில் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகத்துக்கும் சொந்தமாக 16எஸ் உண்டு, அது பாக்டீரியா வம்சம். 27எஃப் போட்டால் கிடைப்பதில் பெரும்பங்கு வாழையுடையதாகவே இருக்கும். 799எஃப் என்ற பிரைமர் பசுங்கணிகத்தைத் தவிர்க்கும். மைட்டோகாண்ட்ரியாவின் துண்டு நீளமாக வருவதால் ஜெல்லில் பார்த்து வெட்டி ஒதுக்கிவிடலாம். இதை நெக்ஸ்ட்-ஜென் சீக்குவன்ஸிங்குக்கு (ஒரே தடவையில் லட்சக்கணக்கான துண்டுகளைப் படிக்கும் முறை) அனுப்பி, "இந்த பாக்டீரியா 40 சதவீதம்" என்று தீசிஸில் எழுதுகிறவர்கள் பிரதிக் கணக்கையும் பார்க்க வேண்டும். பேசில்லஸ் சப்டிலிஸில் 10 பிரதி, காசநோய்க் கிருமியில் ஒன்றே ஒன்று. வந்த எண்ணிக்கையை அப்படியே செல் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் வைவாவில் மாட்டுவீர்கள்.