ஜானி கேஷின் ஆரம்பகாலப் பாட்டுகள்: எந்தத் தொகுப்பை வாங்குவது?

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷின் ஆரம்பகாலப் பாட்டுகள் என்று நம்பி நான் வாங்கிய முதல் சிடியில் அந்தக் காலத்துப் பதிவு ஒன்றுகூட இல்லை. பாட்டுப் பெயர்கள் எல்லாம் சரி. பாடியவரும் அவரேதான். ஆனால் இருபது சொச்சம் வயதில் பாடியதை 1988இல், 56 வயதில், மறுபடி பாடிப் பதிந்தது அது. பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். படிக்காமல் வாங்கியது என் அவசரம்.

அடுத்த தடவை நாலையும் பார்த்து வாங்கியது, ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் தொகுத்த ‘அப் த்ரூ தி இயர்ஸ் 1955-1957’. ஒரே சிடி. என் ஓட்டு இதற்குத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேஷ் 1955 முதல் 1958 வரை மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடினார். பிறகு கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். 1969இல் ஷெல்பி சிங்கிள்டன் சன்னை விலைக்கு வாங்கினார். அதற்கு முந்தைய வருடம்தான் ஃபால்சம் சிறைக் கச்சேரி எல்பியாக வந்து சக்கைபோடு போட்டிருந்தது. கேஷ் உச்சத்தில் இருந்த நேரம். சிங்கிள்டன் சும்மா விடுவாரா? பழைய டேப்புகள் விதவிதமான அட்டைகளில் எல்பிகளாக வந்து குவிந்தன. இன்று கடையில் நாம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, மறுபதிவுகள். 1988க்கு முன்பே, 1964இல் கொலம்பியாவுக்காக ‘ஐ வாக் தி லைன்’, ‘ஹே போர்ட்டர்’, ‘ஃபால்சம் பிரிசன் ப்ளூஸ்’ போன்றவற்றை ஒருமுறை திரும்பப் பாடியிருக்கிறார். ஸ்டீரியோ, தெளிவான ஒலி, கூடவே ட்ரம்ஸ். மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பகாலப் பாட்டு தேடி வந்தவருக்கு இது வேறு சரக்கு.

விலை, அட்டை அழகு, எத்தனை பாட்டு என்பதெல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மூன்று பேர் வாசித்த டேப், கைவைக்கப்படாமல் கிடைக்கிறதா?

மூன்று பேர் என்றால் கேஷ், கிடாரில் லூதர் பெர்கின்ஸ், பேஸ் வாத்தியத்தில் மார்ஷல் கிராண்ட். ட்ரம்ஸ் கிடையாது. கேஷ் தன் கிடார் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் சொருகிக்கொண்டு வாசிப்பார். ஸ்வரம் அமுங்கி ‘சரக் சரக்’ என்ற சத்தம் மட்டும் மேலே வரும். அதுதான் ட்ரம்ஸ். லூதர் உள்ளங்கையால் தந்தியை அழுத்தியபடி ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத் தட்டுவார். அடியில் கிராண்டின் பேஸ். மூன்றும் சேர்ந்தால் தண்டவாள இணைப்புகளைத் தாண்டுகிற சரக்கு ரயில். ‘பூம்-சிக்க-பூம்’ என்று பெயர் வாங்கியது இந்த ஓசைதான்.

இதை ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும்? மூலம் மோனோ. ஒரு டேப்பில் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. அடிச்சத்தத்தை ஒரு பக்கமும் மேல்சத்தத்தை மறுபக்கமும் ஒதுக்கி, கொஞ்சம் எதிரொலியைத் தூவுவார்கள். எழுபதுகளின் சன் எல்பி ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டேன். பேஸ் இடது காதில், காகிதம் வலது காதில். ரயில் இரண்டு தண்டவாளத்தில் தனித்தனியாக ஓடியது.

‘ஐ வாக் தி லைன்’ ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தாலே போதும். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிற பாட்டு. மாறுவதற்கு முன் கேஷ் வாய்க்குள் ஒரு முனகல் விட்டுச் சுருதியைப் பிடித்துக்கொள்கிறார். கடைசிச் சரணம் முதல் சரணத்தின் அதே சுருதி, ஒரு ஸ்தாயி கீழே. 1956 பதிவில் அந்த அடிமட்டத்துக்கு இறங்கும்போது 24 வயதுக் குரல் தரையைத் தடவித் தடவிப் போகிறது. 1988இல் சாய்வு நாற்காலியில் உட்கார்வது போல சுலபமாக இறங்கிவிடுகிறார். சிலருக்கு அந்தப் பழுத்த குரல்தான் பிடிக்கும். எனக்குத் தடவல்தான் பாட்டு.

பேர் ஃபேமிலி சிடியில் அது அப்படியே இருக்கிறது. மோனோ, நடுவில், ஒட்டுவேலை இல்லாமல். குறையும் உண்டு: 1957ஓடு நின்றுவிடுகிறது. ஜாக் கிளமெண்ட் எழுதி, கோரஸ் சேர்த்த 1958 ஹிட்டான ‘கெஸ் திங்ஸ் ஹேப்பன் தட் வே’ வேண்டுமென்றால், பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சன் சிங்கிள்ஸ் முழுவதையும் இரு பக்கமும் வரிசையாகத் தரும் இரட்டை சிடித் தொகுப்புக்குப் போக வேண்டும். கோரஸ் எனக்கு ஆகாது. உங்களுக்குப் பிடிக்குமென்றால் அதுவே நல்ல பேரம்.

இதே நிறுவனம் 1990இல் போட்ட ஐந்து சிடிப் பெட்டி ‘தி மேன் இன் பிளாக் 1954-1958’ பற்றி அளந்துதான் பேசுவேன். நண்பர் வீட்டில் ஒரு சாயங்காலம் கேட்டதோடு சரி. பாதியில் நின்றுபோன பதிவு முயற்சிகள்கூட அதில் உண்டு. ஆராய்ச்சி செய்பவருக்குப் புதையல். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு கேட்பதற்கு அவ்வளவு தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே போட்டிருக்கும் வருடம் பெரும்பாலும் தொகுப்பு வெளியான வருடம், பதிவு செய்த வருடம் அல்ல. ‘ஐ வாக் தி லைன்’ போட்டுப் பத்து விநாடி கேளுங்கள். ட்ரம்ஸ் விழுந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

அந்த முதல் சிடி காரில் கிடக்கிறது. நெடுஞ்சாலை இரைச்சலில் காகிதச் சத்தம் எப்படியும் கேட்காது, ட்ரம்ஸ் கேட்கும். அதற்கு அது தோதாகத்தான் இருக்கிறது.