அப்பாவின் மாத்திரையும் பூனைக்காலிப் பொடியும்

மூன்று வருடம் கழித்து டொரண்டோவிலிருந்து திருநெல்வேலி போயிருந்தேன். அப்பாவுக்கு ஐந்து வருடமாக பார்க்கின்சன், ஊர்ப் பேச்சில் நடுக்குவாதம். வீடியோவில் பேசும்போதே தலையும் தோளும் வளைந்து வளைந்து ஆடுவதைப் பார்த்திருந்தேன். நோய் முற்றிவிட்டது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

மறுநாள் காலையில், பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்துள்ள மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பின்னாலேயே ஒரு ஸ்பூன் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தார். பூனைக்காலி விதைப் பொடி. "நரம்புக்கு நல்லதும்மா, நாட்டு மருந்துதானே" என்றார். ஆறு மாதமாக நடக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை.

பொடி வாங்கிய கடைக்கு அன்று சாயங்காலமே போனேன். முழு விதையைக் கேட்டதும் ஒரு கை அள்ளிக் காட்டினார்கள். மொச்சைக்கொட்டை அளவு, கறுப்பு, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு, ஓரத்தில் வெள்ளையாக ஒரு கண். காயின் மேலிருக்கும் சுணை தோலில் பட்டால்தான் அரித்துத் தள்ளிவிடும். வடமொழியில் இதற்குக் கபிகச்சு என்று பெயர், குரங்குக்கே அரிப்பெடுக்க வைப்பது என்று பொருள். விதையைப் பாலில் வேகவைத்து, தோல் நீக்கி, உலர்த்தி அரைப்பதுதான் சுத்தி முறை, அதாவது மருந்தாக்கும் முன் சுத்திகரிக்கும் முறை. அப்படிச் செய்ததா என்று கேட்டேன். "பாக்கெட்டாத்தான் வருதுக்கா" என்றார் கடைக்காரர். யாருக்கு, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒரு கேள்வி கிடையாது. அம்மா வாங்கப் போனபோதும் அப்படித்தானாம். இந்தப் பயணத்தில் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

அடுத்து பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு வாங்கி வரிசையில் காத்திருந்தோம். உள்ளே இருந்த இளம் டாக்டரம்மா நாடி பார்த்தார். அப்புறம், "ஐயா, இங்கிலீஷ் மருந்து அட்டையைக் காட்டுங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றியது.

அவர் பொறுமையாக விளக்கியது இது. மாத்திரையில் இருக்கும் அதே லெவோடோபா இந்த விதைக்குள்ளும் இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் இதிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். விதையில் சுமார் 5 சதவீதம் என்று வைத்தால், 5 கிராம் பொடியில் 250 மில்லிகிராம். அதுவும் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். அப்பாவின் மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேர வைப்பது அதன் வேலை. பொடியில் வரும் லெவோடோபாவையும் அது அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். அளவு மிஞ்சினால் உடம்பு தானாக ஆடும், குமட்டும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும், இல்லாத உருவங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

நான் நோய் என்று நினைத்த ஆட்டம், மருந்து கூடிப்போன ஆட்டமாக இருக்கலாம் என்றார்.

விதையை அவர் குறைத்துப் பேசவே இல்லை. 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், வழக்கமான மாத்திரையை விட இது சீக்கிரமே வேலை செய்திருக்கிறது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக நரம்புத் தளர்ச்சிக்குக் கொடுத்துவந்தது வெறும் நம்பிக்கை இல்லை. நிஜமான மருந்து என்பதால்தான் அளவு தெரியாமல் தொடக்கூடாது. "பொடியை நரம்பு டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

நரம்பு டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார், மாத்திரை அளவை மாற்றவில்லை. பத்து நாளில் தோள் ஆட்டம் நன்றாகக் குறைந்தது. கை நடுக்கம் இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். நான் கிளம்பும் முன் மாத்திரை அட்டை, பொடி டப்பா, அந்தச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையோடுதான் இப்போது போகிறார்கள்.