படிவம் 6, படிவம் 8: கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

இந்திய தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தையும், அதே வேலையைக் கைபேசியில் செய்துகொள்ள உதவும் வாக்காளர் உதவிச் செயலியையும் எங்கள் வீட்டில் இருவருக்காகப் பயன்படுத்தினோம். பதினெட்டு வயது நிறைந்த மகளுக்குப் புதிய பதிவு. பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரிலேயே குடியேறிவிட்ட மகனுக்கு முகவரி மாற்றம். இரண்டுமே உள்ளாட்சித் தேர்தலை மனத்தில் வைத்துச் செய்தவை என்பதால், அந்தக் கோணத்திலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பலரும் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும் என்று எண்ணி, தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நிற்கிறார்கள். அப்படி ஒரு தனிப் பதிவு கிடையாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம்தான் என்றாலும், சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துத்தான் அது தன் பட்டியலை அமைக்கிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் எந்தத் தெருவில், எந்த பாகத்தில் நம் பெயர் இருக்கிறதோ, அதுதான் நாம் எந்த வார்டுக்கு வாக்களிப்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துத் தெருவில் பெயர் இருந்தாலும் தொகுதி மாறாது. உள்ளாட்சித் தேர்தலிலோ, அந்தப் பக்கத்துத் தெரு வேறு வார்டாக இருந்துவிட்டால், நம் வீட்டுச் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்கப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்காது.

மகளுக்காக, புதிய பதிவுக்கான படிவம் 6-ஐ முதலில் நகரத்தில் உள்ள ஒரு கணினி மையத்தில் கொடுத்தேன்; அது என் தவறான முடிவு. அரசு ஒரு ரூபாய்கூட வாங்காத விண்ணப்பத்துக்கு அங்கே இருநூறு ரூபாய் வாங்கினார்கள். அது போகட்டும், கைபேசி எண் கேட்கும் இடத்தில் மையத்தின் எண்ணையே கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் எழுத்துகள் தாமாகவே விழும் கட்டத்தில், குழந்தைசாமி என்ற என் கணவர் பெயர் ‘குலண்டைசாமி’ என்று விழுந்ததை யாரும் திருப்பிப் படிக்கவில்லை. சரிபார்க்க வீட்டுக்கு வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான், எங்கள் ஊர் அங்கன்வாடியில் பணியாற்றுகிறவர், “அக்கா, தமிழ்ல பேரு எப்படி விழுந்திருக்குதுன்னு நீங்களே ஒருக்காப் படிச்சுப் பாருங்க” என்று எடுத்துக் காட்டினார். வெயிலில் வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண்ணின் கவனத்துக்கு நான் உண்மையாகவே கடன்பட்டிருக்கிறேன்.

பட்டியலில் பெயர் ஏறிய பிறகு, எழுத்துப் பிழையையும் கைபேசி எண்ணையும், திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் உரிய படிவம் 8 வழியாக மகளே திருத்திக்கொண்டாள். அன்றுதான் இந்தச் சேவையின் தரம் எனக்குப் புரிந்தது. தமிழிலேயே படித்து நிரப்பலாம். விண்ணப்பித்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணைக் கொண்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஐயம் வந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம். வயதுக்கும் முகவரிக்கும் ஒவ்வொரு சான்றும், ஒரு புகைப்படமும், ஏற்கெனவே பட்டியலில் உள்ள குடும்பத்தார் ஒருவரின் வாக்காளர் அடையாள அட்டை எண்ணும் கைவசம் இருந்தால், ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். அட்டை விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வந்தது.

2022-ஆம் ஆண்டுக்கு முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள், அதாவது பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டிய நாள். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாள்கள். பதினேழு வயது நிறைந்தவுடனேயே முன்கூட்டியும் விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூர் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளைப் போன்றவர்கள் விடுதி முகவரி, பெற்றோர் வீடு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவள் ஊரையே தேர்ந்தெடுத்தாள்.

மகன் கதை வேறு. திருப்பூரில் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிட்டு, ஊர்ப் பட்டியலிலும் பெயரை விட்டுவைக்கலாம் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி கொடுப்பது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். குடிபெயர்ந்தவர்களுக்கு உரியது படிவம் 8 மட்டுமே. ஊரில் இருந்தவரை அவன் 2019 டிசம்பரில் நான்கு வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்தியவன்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். (1996-இல் எங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று, வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சான சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் என் உறவினர்களில் உண்டு, நான்கு சீட்டு அவர்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை.) மாநகராட்சிக்கு மாறிய பிறகு அவனுக்கு உள்ளது ஒரே வாக்கு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும், மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு போய் ஒன்றானதில் அவனுக்கு வருத்தம் இருந்தாலும், தண்ணீர் வரி கட்டும் ஊரில் வாக்கு இருப்பதுதான் முறை என்று மாற்றிக்கொண்டான்.

மொத்தத்தில், இந்தச் சேவையை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். கைபேசி பழகாத பெரியவர்களுக்கு மட்டும் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்து தர வேண்டும். அட்டை கையில் இருப்பதை மட்டும் நம்பிவிடவும் கூடாது, பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டையைக் கொண்டு வாக்களிக்க முடியாது. சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்த அதே சாவடிதான் உள்ளாட்சிக்கும் என்ற நிச்சயமும் இல்லை. வார்டு வாரியான பட்டியல் வெளியாகும் நாளில் ஊராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய், எங்கள் வீட்டுப் பெயர்கள் எந்த வார்டில் விழுந்திருக்கின்றன என்று நானும் மகளும் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.