பவர் ஸ்டீயரிங் பம்ப் மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

என்னிடம் இருப்பது 2008 மாடல் ஹூண்டாய் ஆக்சென்ட். போன மாதம் அதன் பவர் ஸ்டீயரிங்குக்காக 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் (பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தால் லேசாகத் திரும்பும் வகை) உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் வீட்டிலேயே சின்னச் சின்ன வேலை பார்த்துக்கொள்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

ஆரம்பித்தது நான்தான். ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழுந்து எண்ணெய் கசிந்தது. புது ஹோஸ் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்தி நானே மாற்றினேன். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் 'ஊய்ங்' என்று ஒரு முனகல். திருப்பத் திருப்ப நடுநடுவே இறுகுகிறது. டப்பா மூடியைத் திறந்து பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நுரையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மறுநாள் பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் போயிடுச்சு சார், ராக்லயும் ப்ளே இருக்கு. ரெண்டையும் மாத்தாம ஓட்டாதீங்க" என்றார் அங்கிருந்தவர். (ராக் என்பது சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு, ப்ளே என்றால் தளர்ச்சி.) நான் ஹோஸ் மாற்றியதைச் சொன்னதும், "நீங்க கை வச்சதாலதான் சார் பம்ப் காலி" என்றார். தப்பு நம்முடையது என்று சொல்லிவிட்டால் நாம் வாய் திறக்க மாட்டோம், அவ்வளவுதான். ரீகண்டிஷன் செய்த (பழுது நீக்கிய பழைய) பம்ப், ராக் வேலை, ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 14,500. மூன்று நாள் கழித்து வண்டி கைக்கு வந்தது. ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். பழைய பம்பைக் கேட்டேன், ஸ்க்ராப்பில் போட்டாச்சு என்றார்கள்.

சரியாக இரண்டு நாள். அம்மாவை மூட்டு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, பாலக்கரை ரவுண்டானாவில் பாதி திரும்பிய நிலையில் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்து எப்படியோ ஓரம் கட்டினேன். பக்கத்தில் டவுன் பஸ். அம்மாவின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்ப் பளபளவென்று கறுப்பாக இருந்தது. போன வருடம் பம்பைச் சுழற்றும் பெல்ட்டை மாற்றியபோது, அதை இறுக்கும் டென்ஷன் போல்ட் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய, மகளின் நெயில் பாலிஷால் பம்ப் உடம்பில் ஒரு கோடு போட்டிருந்தேன். துணியைப் பெட்ரோலில் நனைத்து அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு பெயின்ட் துணியோடு வந்தது. அடியில் என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதே பம்ப்! ஸ்ப்ரே அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் நண்பர் சொல்லி, ஹைட்ராலிக் வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் முதலில் டப்பா மூடியைத்தான் திறந்தார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் எண்ணெய் மட்டம் மேலே ஏறியது. "பாத்தியா தம்பி, உள்ளே காத்து இருக்கு" என்றார். ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கிக் கிடக்கும் காற்று, எஞ்சின் நின்றதும் விரிந்து எண்ணெயை மேலே தள்ளுகிறதாம். பிறகு நான் மாற்றிய ஹோஸைத் தடவிப் பார்த்தார். நான் போட்ட கிளிப் குழாயின் விளிம்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அது பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் எண்ணெய் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கசிவு இல்லை, அதனால் இணைப்பு சரி என்று நான் நம்பியது அங்கேதான் தப்பு.

கிளிப்பை நகர்த்தி இறுக்கினார். முன் சக்கரங்கள் தரையில் படாமல் ஜாக்கி வைத்துத் தூக்கினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். இருபது தடவை இருக்கும். ஒவ்வொரு முறையும் குமிழிகள் மேலே வர, எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் அதையே செய்தோம். கோடியில் போய் அப்படியே பிடித்து வைக்கக் கூடாது, ஐந்து விநாடிக்குள் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் சூடேறும் என்றார். எண்ணெய் மறுபடி கண்ணாடி மாதிரி சிவப்பானது. சத்தமே இல்லை. ஆயிலோடு சேர்த்து 850 ரூபாய்தான் வாங்கினார். காற்றோடு இன்னும் ஓட்டியிருந்தால் பம்ப் நிஜமாகவே தேய்ந்து போயிருக்கும், அதற்கு எண்ணெய்தான் மசகு என்றும் சொன்னார்.

ஆகவே ஹோஸ் மாற்றிய பிறகு சத்தம் வந்தால் முதலில் நுரையையும், கிளிப்பையும், பெல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். பம்ப் மாற்றத்தான் வேண்டும் என்றால் அதில் ஒரு அடையாளம் போட்டு, போட்டோ எடுத்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைதான். இது தெரியாமல் நான் சீட்டோடு வந்துவிட்டேன்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "அந்தக் கோடு எங்க பம்ப்லயே இருந்தது சார்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே ஸ்க்ரீன்ஷாட், கறுப்பு பெயின்ட் ஒட்டிய அந்தத் துணி, மூன்றையும் ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.